பழைய மடிக்கணினியும் கம்பியில்லா இணைப்பும்

ஒரு கருவி பழுதுற்றது என்பது வேறு. அஃது இயங்குதற்குரிய நிரல் கிடைக்கவில்லை என்பது வேறு. இவ்வேறுபாடு அறியப்படாமையால், இல்லங்கள் பலவற்றில் மடிக்கணினிகள் பரண்மேல் உறங்குகின்றன. தறியோசை ஒலிக்கும் அம்மாபேட்டையில், புதிய கணினி வாங்குதல் எல்லாக் குடும்பங்களுக்கும் எளிதன்று. ஆதலின் இப்பொருளை ஆராய்தல் பயனுடையதாம்.

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 15.9.2011 அன்று தொடங்கப்பெற்றது. தொடக்கத்தில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோசுடன் 'பாஸ்' லினக்சும் நிறுவப்பட்டிருந்தது. டெபியன் என்னும் கட்டற்ற இயங்குதளத்தை அடியொற்றி, நடுவண் அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியதே பாஸ். விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு மேம்பாடுகள் 2020 ஜனவரியோடு பொதுவாக நின்றுபோயின. எனவே, அக்காலக் கணினிகளுக்குத் திறமூல இயங்குதளம் தக்கதொரு மறுவாழ்வு எனலாம். ஆயினும் அதனை நிறுவியபின் திரை ஒளிரும்; விசைகள் இயங்கும்; வைஃபை மட்டும் தோன்றாதொழியும். காரணம் யாது?

வைஃபை இயங்க மூன்று வேண்டும்: சில்லு, இயக்கி, நிலைபொருள். ஜக்கார்டு தறியை எண்ணிப் பார்ப்போம். சில்லு தறி போன்றது. இயக்கி நெசவாளரை ஒத்தது. நிலைபொருள் துளையிட்ட அட்டைக்கோவைக்கு நிகர். தறி செம்மையாயினும், நெசவாளர் வல்லவராயினும், அட்டையின்றிப் பூவேலை நிகழாது. அவ்வாறே பல சில்லுகளுக்குக் கணினி தொடங்கும்போதெல்லாம் நிலைபொருளை ஏற்றியாக வேண்டும்.

இந்நிலைபொருளின் மூலநிரலைப் பல நிறுவனங்கள் வெளியிடுவதில்லை; அதனைப் பிறர் வழங்கவும் சில நிறுவனங்கள் இசைவதில்லை. பிராட்காம் சில்லுகளின் செயற்பாட்டை ஆர்வலர்கள் தாமே ஆய்ந்தறிந்து எழுதிய இயக்கி, 2006-இல் லினக்சுக் கருநிரலில் இடம்பெற்றது. எனினும் நிலைபொருளைத் தனியே தேடவேண்டியதாயிற்று. 2010-இல் அந்நிறுவனமே தன் புதிய சில்லுகள் சிலவற்றிற்குத் திறமூல இயக்கியை வெளியிட்டது. 2011-இல் வந்த டெபியன் 6, கட்டற்றதல்லாத நிலைபொருள்களைக் கருநிரலினின்று விலக்கியது. உரிமைக் கொள்கை காக்கப்பட்டது. பயனாளர் பலர் இடர்ப்பட்டனர். 2022-இல் உறுப்பினரிடையே வாக்கெடுப்பு நிகழ்ந்தது. அதன் பயனாக, 2023-இல் வெளியான டெபியன் 12-இன் நிறுவல் தொகுப்பிலேயே அவை சேர்க்கப்பட்டன.

இனிச் செய்முறையை நோக்குவோம். முதற்கண், கணினியின் வைஃபை விசை அணைந்துள்ளதா எனக் காண்க. 'ஆர்எஃப்கில்' என்னும் கட்டளை இதனைக் காட்டும். அடுத்து, 'எல்எஸ்பிசிஐ' கட்டளையால் சில்லின் பெயரை அறிக. கணினியின் பெயரன்று, சில்லின் பெயரே இங்கு முதன்மையானது. ஒரே வகைக் கணினியிலும் சில்லு வேறுபடக்கூடும். ஏதரோசின் சில சில்லுகள் நிலைபொருளை வேண்டாமலே இயங்கும். வேண்டுமாயின், கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து, அதன்வழி இணையம் பெற்று, உரிய நிலைபொருள் தொகுப்பை நிறுவுக. பின்னர்க் கணினியை மறுமுறை தொடங்கின், அருகிலுள்ள இணைப்புகளின் பெயர்கள் திரையில் தோன்றும். அப்போதும் தோன்றாவிடில், 'டிமெசேஜ்' கட்டளை தரும் செய்திகளில் எக்கோப்பு கிடைக்கவில்லை என்பது பெரும்பாலும் குறிக்கப்பட்டிருக்கும்.

டெபியன் 13-ஐ 32 பிட் கணினிகளில் புதிதாக நிறுவ இயலாது என்பதையும் முன்னரே அறிதல் நன்று.

மாணவச் செல்வங்களே! பரண்மேற் கிடக்கும் கணினியைப் பழையிரும்புக் கடைக்கு அனுப்புமுன், அதன் சில்லு யாதெனக் கேளுங்கள். விடை கிடைப்பின், தம்பிக்கோ தங்கைக்கோ ஒரு கல்விக் கருவி செலவின்றிக் கிடைத்ததாகும்.