அழைப்பது தந்தையை, எழுவது நாம்!

அமெரிக்கா வந்து சேர்ந்த தமிழருக்குப் பனியும் குளிரும் தரும் தொல்லை சில திங்களே. படிவங்களில் உள்ள இரண்டு கட்டங்கள் தரும் தொல்லையோ ஆண்டு முழுவதும் தொடர்வது. ஒன்று முதற்பெயர், மற்றொன்று குடும்பப்பெயர்.

இங்கு வந்த புதிதில் காய்ச்சலுடன் ஒரு மருத்துவமனையில் காத்திருந்தோம். செவிலியர் வந்து, "மிஸ்டர் கேண்டசேமி!" என்று மும்முறை அழைத்தார். யாரோ ஒரு வெள்ளையர் போலும் என்று நாமும் சுற்றுமுற்றும் பார்த்தோம். பிறகுதான் விளங்கியது: ஊரில் திண்ணையில் அமர்ந்து நாளிதழ் படித்துக்கொண்டிருந்த நம் தந்தையார் கந்தசாமியின் பெயரில் நமக்கு மருத்துவம் நடக்கவிருக்கிறது!

இல்லத்தரசியின் கடன் அட்டைக் கணக்கு 'திருமதி கந்தசாமி' என்ற முகவரியுடன் வந்தது. அப்போது ஊரிலிருந்து வந்திருந்த நம் தாயார், "எனக்கா கடிதம்?" என்று மகிழ்ந்து அதைப் பிரித்துவிட்டார். மருமகள் வாங்கிய புடவைகளின் விலை அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. அன்று மாலை வீட்டில் நிலவிய அமைதியை விளக்கத் தேவையில்லை.

நண்பர் ஒருவரின் நிலை இன்னும் வேடிக்கையானது. அவருடைய கடவுச்சீட்டில் குடும்பப்பெயருக்கான இடம் வெற்றிடமாக இருந்தது. அத்தகையோரின் முழுப்பெயரையும் அமெரிக்க விசாவில் குடும்பப்பெயராக இட்டு, முதற்பெயருக்குரிய இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று அச்சிடுவர். 'முதற்பெயர் அறியப்படவில்லை' என்பது அதன் பொருள். ஓட்டுநர் உரிமத்திலும் அதுவே ஏறியதால், "அன்புள்ள ஃப்னு" என்று தொடங்கும் கடிதங்கள் அவருக்கு வரலாயின.

இக்குழப்பம் ஏன்? தமிழகத்திலும் ஈழத்திலும் நம்மில் பெரும்பாலோருக்குத் தலைமுறைதோறும் தொடரும் குடும்பப்பெயர் கிடையாது. தந்தையின் பெயர் தலைப்பெழுத்தாக முன்னே நிற்கும். நம் பெயர் பின்னே வரும். இது பழைய மரபின் தொடர்ச்சியே. 'மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்' என்னும் சங்கப் புலவரின் பெயரில் ஊர், தந்தை, மகன் என மூன்றும் முறையே நிற்கின்றன. இன்று அவர் விமானம் ஏற வந்தால் 'மிஸ்டர் மதுரை' என்று அழைக்கப்பட்டிருப்பார்!

பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் இடும் வழக்கமும் நம்மிடையே இருந்தது. 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு அதனைக் கைவிடத் தீர்மானித்தது. நாளடைவில் தமிழகத்தில் பலர் அதனை விட்டனர். ஆகவே, நம் படிவத்தின் வெற்றிடம் குறைபாடு அன்று; அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

ஆயினும் படிவம் வரலாறு அறியாது. நம் மகளுக்கு நம் பெயரைக் குடும்பப்பெயராக இட்டோம். அதனால் விமான நிலைய அதிகாரி இரு கடவுச்சீட்டுகளையும் மாறி மாறிப் பார்த்து, "இவள் உங்கள் மகள்தானா?" என்று வினவினார். மகளுக்கும் 'கந்தசாமி' என்றே இட்டிருந்தால் அவ்வினா எழுந்திராது. ஆனால் அவள் பெயரில் தந்தைக்கு இடமிராது. எந்தக் கட்டத்தை நிரப்பினாலும் ஒரு தலைமுறை வெளியே நிற்கிறது.

எனவே, விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்னரே கடவுச்சீட்டில் இரு இடங்களையும் நிரப்பிக்கொள்வது நன்று. எல்லா ஆவணங்களிலும், விமானச் சீட்டிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும். அதனினும் முதன்மையானது, படிவத்தில் இடம்பெறாத பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது.

சென்ற மாதம் தமிழ்ப் பள்ளியில் தன் பெயரைத் தலைப்பெழுத்துடன் எழுதக் கற்ற நம் மகள், வீட்டிற்கு வந்து, "அப்பா, உங்கள் முன்னால் தாத்தா, என் முன்னால் நீங்கள், அப்படியானால் தாத்தாவுக்கு முன்னால் யார்?" என்று கேட்டாள். அன்றிரவே ஊருக்குத் தொலைபேசியில் அழைத்தோம். தந்தையார் ஐந்து தலைமுறைப் பெயர்களைச் சொல்லச் சொல்ல, அவள் தன் ஏட்டில் எழுதிக்கொண்டாள். அந்த ஏட்டில் கட்டங்கள் இல்லை.