நான்கில் தொடங்கும் பட்டியல்

அட்டவணையின் ஒரு கட்டத்தில் ஒரே ஒரு மதிப்புதான் இருக்க வேண்டும் என்பது, 1970இல் எட்கர் காட் வகுத்த உறவுமுறைத் தரவுத்தளக் கோட்பாட்டிலிருந்து வந்த பழைய ஒழுங்கு. அமெரிக்காவின் பெர்க்லியில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் 1986இல் தொடங்கப்பட்டு, இன்று உலகெங்கும் பலர் கூடி வளர்க்கும் திறமூல மென்பொருளாகிவிட்ட போஸ்ட்கிரெஸ்கியூஎல், அந்த ஒழுங்கைச் சற்றுத் தளர்த்தி, ஒரு கட்டத்துக்குள்ளேயே ஒரு பட்டியலை வைக்க இடமளிக்கிறது. ஒரே வகையான மதிப்புகள் முன்பின் மாறாமல் நிற்கும் இந்தப் பட்டியலை ஆங்கிலத்தில் அரே என்றும், தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களில் அணி என்றும் சொல்வார்கள்.

ஓசூரிலிருந்து சேலம் செல்லும் வழியை ஓர் அணியாக எழுதினால் ஓசூர், இராயக்கோட்டை, பாலக்கோடு, அதியமான்கோட்டை, தொப்பூர், ஓமலூர், சேலம் என்று ஏழு உறுப்புகள் வரும். அவற்றில் அதியமான்கோட்டையின் சுட்டெண், அதாவது உறுப்பின் இடத்தைக் காட்டும் எண், 4. ஊரின் பெயரைக் கொடுத்து அதன் இடத்தைக் கேட்கும் செயற்கூறு, அதாவது ஒரு வேலையைச் செய்து விடை தரும் சிறு கட்டளை, போஸ்ட்கிரெஸில் நெடுங்காலம் பொதுவாக எல்லா வகை அணிகளுக்கும் கிடையாது. செக் நாட்டு நிரலாளர் பாவெல் ஸ்டெஹூலே எழுதிய அத்தகைய செயற்கூறு ஒன்றை, அல்வாரோ ஹெர்ரேரா 2015 மார்ச்சில் மூலநிரலில் சேர்த்தபோது அதன் பெயர் அரே_ஆஃப்செட். ஆஃப்செட் என்பது தொடக்கத்திலிருந்து எத்தனை இடம் தள்ளி என்னும் பொருளில் நிரலாளர்களிடையே புழங்கும் சொல்.

எளிய வேலைதானே என்று தோன்றும். ஆனால் போஸ்ட்கிரெஸில் அணியின் முதல் உறுப்பு 1 என்னும் எண்ணோடுதான் தொடங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மேற்கண்ட வழியில் அதியமான்கோட்டையில் தொடங்கும் பகுதியை மட்டும் தனியே வைத்து, பழைய எண்களையே விட்டுவைக்க விரும்புபவர், 4 முதல் 7 வரை சுட்டெண் கொண்ட அணியை உருவாக்கலாம். அதில் தொப்பூரைத் தேடினால் முதலில் சேர்க்கப்பட்ட செயற்கூறு, எப்போதும் ஒன்றிலிருந்து எண்ணி, 2 என்று சொல்லும். அந்த 2ஐ அப்படியே சுட்டெண்ணாக அணியில் இட்டால், பிழைச்செய்தி எதுவும் வராமல், நல் எனப்படும் வெற்றுமதிப்பு மட்டும் வரும். முழு வழியையும் 0விலிருந்து எண்ணி வைத்தவருக்கு நிலைமை இன்னும் மோசம்: அதியமான்கோட்டைக்கு விடையாக வரும் 4, அந்த அணியில் தொப்பூரின் சுட்டெண், அதியமான்கோட்டையில் இறங்க வேண்டியவரைத் தொப்பூர்க் கணவாய் வரை கொண்டுபோய் இறக்கிவிடும் நடத்துநரின் கதைதான். வெற்று விடையைக் காட்டிலும் நம்பத்தக்க தோற்றத்தோடு வரும் தவறான விடையே தரவுத்தளத்தில் அஞ்சத்தக்கது.

இந்தச் சிக்கலைப் போஸ்ட்கிரெஸ் நிரலாளர் டீன் ரஷீத் சுட்டிக்காட்டியதும், அதே மாத முடிவுக்குள் செயற்கூறு உண்மையான சுட்டெண்ணையே தருமாறு திருத்தப்பட்டது. நடத்தை மாறியபின் பழைய பெயர் பொருந்தாது என்பதால் அதுவும் அரே_பொசிஷன் என்று மாற்றப்பட்டது. எழுத்துத்தொடருக்குள் ஒரு துண்டைத் தேடும் பொசிஷன் என்னும் செயற்கூறு, தரவுத்தள மொழியான எஸ்கியூஎல்லின் தரநிலையில் ஏற்கெனவே இருந்ததே இந்தப் பெயருக்குக் காரணம். எனினும் பெயரின் உறவு முழுமையானதன்று: தேடியது கிடைக்காவிட்டால் பொசிஷன் 0 என்று சொல்லும், 0வும் செல்லுபடியாகும் சுட்டெண்ணாக இருக்கக்கூடிய அணியில் அப்படிச் சொல்ல வழியில்லை, ஆகவே அரே_பொசிஷன் வெற்றுமதிப்பைத் தருகிறது. 2016 சனவரியில் 9.5 பதிப்போடு வெளிவந்தபோது பயனாளர்கள் கண்டது புதிய பெயரை மட்டுமே.

வெளியீட்டுக்கு முன்பே இது நடந்தது நல்லூழ் என்றே சொல்ல வேண்டும். ஏனெனில் பெயரும் நடத்தையும் ஒருமுறை வெளியே போய்விட்டால், அவற்றை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் உடையாமல் திருத்துவது அரிது. 2009இல் வந்த அரே_லெங்த், உறுப்பே இல்லாத அணியின் நீளத்தைக் கேட்டால் 0 என்று சொல்லாமல் வெற்றுமதிப்பைத் தருகிறது. அது இன்றளவும் அப்படியேதான் இருக்கிறது. 0 தரும் கார்டினாலிட்டி என்னும் தரநிலைச் செயற்கூறு 2014இல் பக்கத்தில் வந்து அமர்ந்துகொண்டது. 2021இல் வந்த டிரிம்_அரே, தன் குடும்பத்தின் பெரும்பாலான செயற்கூறுகளைப் போல அரே என்று தொடங்காததும் தரநிலை வைத்த பெயருக்குக் கட்டுப்பட்டதால்தான்.

2025 செப்டம்பரில் வெளியான 18ஆம் பதிப்பின் அரே_சார்ட் அணியை வரிசைப்படுத்துவது. பெயரில் ஐயமில்லை, ஆனால் யாருடைய வரிசை என்ற கேள்வி தமிழருக்கு உண்டு. யூனிகோடு அட்டவணையில் றகரம் லகரத்துக்கு முன்னால் நிற்பதால், எழுத்தின் குறியெண்ணை மட்டும் பார்க்கும் சி என்னும் விதிப்படி வரிசைப்படுத்தினால், பாறை என்ற சொல் பாலம் என்ற சொல்லை முந்திவிடும். தமிழ் அகராதியிலோ பாலமே முதலில் வரும். இதற்கெனத் தமிழுக்குத் தனிச் செயற்கூறு எதுவும் படைக்கப்படவில்லை. ஏறுவரிசையா இறங்குவரிசையா, வெற்றுமதிப்புகள் முதலிலா கடைசியிலா என்பவற்றை மட்டுமே அரே_சார்ட் நேரடியாகக் கேட்கிறது; எழுத்துகளின் முறையை, கொலேட் என்னும் சொல்லோடு அணியின் அருகே குறிக்கப்படும் மொழிவிதியிலிருந்து பெற்றுக்கொள்கிறது, அங்கே ஐசியூ என்னும் நிரல் நூலகத்தின் தமிழ் விதியைக் குறித்தால் பாலம் தன் இடத்துக்கு வந்துவிடும்.