நொடிக்கணக்கு – 14: சூடு பரவும் வரை

போன வாரம் குவார்ட்ஸ் படிகத்தை ஓவனுக்குள் வைத்து மூடினோம். வெளியே வெயிலோ குளிரோ, உள்ளே ஒரே சூடு. அந்தச் சூட்டில் அதிர்வெண் அலைபாய்வது மிகக் குறைவு. 

இந்த வாரம் ருபிடியம் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதை எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் திங்கட்கிழமையிலிருந்து ஒரே கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. கட்டுரையை அனுப்பவேண்டிய இந்த மாலை வரை அது விடவில்லை. ஓவன் தன் வெப்பநிலையை எட்டிவிட்ட பிறகும் படிகம் ஏன் தன் அதிர்வெண்ணுக்கு வந்து நிற்பதில்லை?

ஹியூலெட் பேக்கார்டு நிறுவனத்தின் 10811 என்ற ஆஸிலேட்டரை எடுத்துக்கொள்வோம். 10 மெகாஹெர்ட்ஸ், ஓவனுக்குள் 80 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேல். இயக்கிய 10 நிமிடத்தில், இறுதி அதிர்வெண்ணிலிருந்து நூறு கோடியில் 5 பங்குக்கு மேல் விலகியிருக்காது என்பது தயாரிப்பாளர் தந்த உறுதி. 10 மெகாஹெர்ட்ஸில் அது 0.05 ஹெர்ட்ஸ். நாள் முழுக்க இந்தப் பிழையோடே ஓடினாலும் கடிகாரம் அரை மில்லிநொடிகூடப் பிசகாது. இதில் 'இறுதி' என்ற சொல்லுக்கு அவர்கள் தரும் விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது: இயக்கி 24 மணி நேரம் கழித்து இருக்கும் அதிர்வெண்.

இத்தகைய ஆஸிலேட்டரைக் கொண்டு அதிர்வெண்ணை அளக்கும் கவுன்ட்டரின் திரைக்கு அந்தப் பொறுமை கிடையாது. சுவிட்சைப் போட்டதுமே ஒன்பது இலக்கங்களும் வரிசையாக நின்றுவிடும். கடைசி மூன்று நான்கு இலக்கங்களுக்கு அப்போது ஒரு பொருளும் இல்லை.

கேள்விக்கு வருகிறேன். கண்ணாடி டம்ளரில் கொதிநீரை ஊற்றினால் விரிசல் விடுகிறதே, ஏன்? உள்பக்கம் விரிகிறது, வெளிப்பக்கம் இன்னும் விரியவில்லை, இரண்டுக்கும் இழுபறி. படிகத்திலும் அதே கதைதான். சின்ன வில்லை போன்ற அதை விளிம்பில்தான் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். சூடு அந்த விளிம்பு வழியாக நுழைகிறது. விளிம்பு விரியப் பார்க்கும்போது நடு இன்னும் குளிர்ந்திருக்கிறது. அந்த இழுபறி, இயற்பியல் பாடத்தில் தகைவு என்று படித்தோமே, அது படிகத்தின் விறைப்பை மாற்றுகிறது. விறைப்பு மாறினால் அதிர்வெண் மாறும். அதனால்தான் 1934-இல் அறிமுகமாகி உலகெங்கும் பரவிய ஏடி வெட்டுப் படிகம் (குவார்ட்ஸைக் குறிப்பிட்ட ஒரு சாய்வில் அறுத்தெடுத்தது), சூடேறும்போது தன் இலக்கைத் தாண்டிப் போய், பிறகு மெல்லத் திரும்பி வருகிறது. சூடு வந்தால் போதாது, பரவி ஒன்றாகவும் வேண்டும்.

என்னை மகிழவைத்தது இதற்குக் கிடைத்த தீர்வுதான். 1974-இல் ரிச்சர்ட் ஹாலண்ட், சீரில்லாமல் சூடாகும் படிகத் தகட்டைக் கணக்கிட்டு, இந்த இழுபறி அதிர்வெண்ணைத் தொடாதபடி ஒரு வெட்டு இருக்கமுடியும் என்றார். 1975-இல் எரோல் எர்நிஸ் வேறொரு தொல்லையை ஆராய்ந்துகொண்டிருந்தார்: படிகத்தின் மேல் மின்முனையாகப் பூசும் மெல்லிய உலோகப் படலமும் அதை இழுக்கிறதே, அதற்கு என்ன செய்வது? ஒருவர் சூட்டின் வழியே போனார், மற்றவர் உலோகப் பூச்சின் வழியே போனார்; இருவர் கணக்கும் ஒரே வெட்டில் வந்து நின்றன. 1976-இல் ஜான் கஸ்டர்ஸ் உண்மைப் படிகத்தில் செய்து காட்டினார். இன்று அதற்கு எஸ்சி வெட்டு என்று பெயர். 10811-க்குள் இருப்பது அதுதான். 10 நிமிட உறுதியைத் தரும் துணிச்சலும் அதனால்தான் வந்தது.

ஏடி வெட்டுக்கு ஒரே சாய்வு, சுமார் 35 டிகிரி. எஸ்சி வெட்டுக்கு இரண்டு சாய்வு: ஏறத்தாழ 22 டிகிரி ஒன்று, 34 டிகிரி ஒன்று. இரண்டும் ஒருசேரப் பொருந்த அறுக்கவேண்டும். விலை ஏறுவது அதனால்தான். இன்னொரு சிக்கலும் உண்டு. வேண்டிய அதிர்வுக்குச் சுமார் 10 சதவீதம் மேலே, சூட்டுக்கு வெகுவாக அசையும் வேறொரு அதிர்வும் அதே படிகத்தில் கிளம்பத் தயாராக இருக்கும். மின்சுற்று அதை அடக்கிவைக்கவேண்டும். அசைவதையே பயனாக்கி, அந்த இரண்டாம் அதிர்வைப் படிகத்தின் வெப்பமானியாகவும் கொள்ளலாம். படிகத்தின் சூட்டைப் படிகத்திடமே கேட்டுவிடுவது. இதைவிட நேர்த்தியான யோசனையை இந்தத் தொடருக்காகப் படித்ததில் நான் பார்க்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பரிசோதனைக் கூடத்துக்குப் போயிருந்தேன். மாலையானால் எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கிவிட்டுத்தான் பூட்டுவார்கள். "ஆஃப் பண்ணி வச்ச மிஷினுக்கு ராத்திரி பூரா எதுக்கு சார் கரன்ட்டு?" என்று கேட்டார் அங்கிருந்தவர். நியாயமான கேள்வி. இத்தகைய கவுன்ட்டர்கள் பலவற்றில் சுவிட்சை அணைத்தாலும் பிளக் செருகியிருக்கும் வரை ஓவன் மட்டும் சூடாகவே இருக்கும்; அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். அந்தக் கூடத்தில் ஒவ்வொரு காலையும் படிகம் குளிரிலிருந்து தொடங்கியது. அது நிலைகொள்வதற்குள் முதல் அளவுகள் எடுக்கப்பட்டுவிடும்.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. அணைத்துக் குளிரவிட்டு மறுபடி சூடேற்றினால், அதே ஓவன், அதே வெப்பநிலை, ஆனாலும் படிகம் பழைய அதிர்வெண்ணுக்கு அப்படியே திரும்புவதில்லை. எவ்வளவு விலகியது என்று பார்க்க அதைவிட நிலையான கடிகாரம் பக்கத்தில் இருக்கவேண்டும். ருபிடியத்தை அடுத்த வாரம் அதற்காகவே கொண்டுவருகிறேன்.

(தொடரும்)