கடனீர்த் தொட்டியும் மேற்பரப்புப் படலமும்

வீட்டிற் கடனீர்த் தொட்டி அமைத்து மீன் வளர்ப்போர் அதனை முன்புறக் கண்ணாடியூடாகவே பெரிதும் நோக்குவர். தலையைச் சற்றுத் தாழ்த்தி, நீர்ப்பரப்பின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பார்ப்பவர் சிலரே. அவ்வாறு பார்க்கின், தூய பரப்பு ஆடிபோல் ஒளிர்ந்து அசைவதையும், மாசுற்ற பரப்பு மங்கி, தூசியும் உணவுத் துணுக்குகளும் ஒட்டிய தோல்போற் கிடப்பதையும் எளிதிற் காணலாம். இத்தோலையே ஈண்டு மேற்பரப்புப் படலம் என்கின்றோம். இது பார்வைக்கு அழகின்மையைத் தருவதோடு அமைவதன்று. விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திணறுவதற்கு இதுவும் ஒரு காரணமாகின்றது.

படலத்தின் மூலப்பொருள்கள் பலவாகும். மீன் உணவிலுள்ள எண்ணெய், மீன்களும் பவளங்களும் சுரக்கும் சளி, பாசிகள் வெளிவிடும் சேதனப் பொருள்கள், இறந்த உயிர்களின் புரதம் என்பன தொட்டிக்குள்ளேயே தோன்றுவன. சமையலறையிலிருந்து மிதந்துவரும் எண்ணெயாவியும், தலைக்கு எண்ணெய் வைத்த கையை அப்படியே தொட்டியுள் விடும் வழக்கமும் வெளியிலிருந்து சேர்ப்பன. இம்மூலக்கூறுகளுட் பல இருமுகப் பண்புடையன. ஒரு முனை நீரை நாடும், மறு முனை நீரை வெறுத்து வளியை நோக்கும். ஆகவே நீரும் வளியும் சந்திக்கும் எல்லையே அவற்றுக்கு உகந்த இருப்பிடமாகின்றது. அங்கே திரண்டவற்றை உண்ணப் பற்றீரியாக்கள் வந்துசேரப் படலம் மேலும் தடிக்கின்றது.

எத்துணைச் சிறிய அளவு எண்ணெய் எத்துணைப் பெரிய பரப்பை ஆளவல்லது என்பதற்குப் பெஞ்சமின் பிராங்கிளினின் பரிசோதனை சான்றாகும். இலண்டனையடுத்த கிளப்பம் வெளியிலுள்ள குளமொன்றில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டபோது, ஏறத்தாழ அரை ஏக்கர் நீர்ப்பரப்பின் சிற்றலைகள் அடங்கியதை அவர் கண்டார். இது 1774இல் வெளியிடப்பட்டது. தேக்கரண்டியை 5 மில்லிலீற்றர் எனவும் பரப்பை 2000 சதுர மீற்றர் எனவும் கொள்ளின், படலத்தின் தடிப்பு 2.5 நனோமீற்றராகும்; அதாவது ஏறத்தாழ ஒரு மூலக்கூறின் நீளம். பிராங்கிளின் இவ்வகுத்தலைச் செய்து பார்த்தாரல்லர். நூறாண்டுக்கு மேற் கழிந்து, 1890இல் றேலி பிரபுவே இத்தகைய தடிப்பை அளந்தார். அவருக்கு உதவியது கற்பூரம். தூய நீரில் இட்ட கற்பூரத் துகள் தானாகவே சுழன்றோடும். எண்ணெய்ப் படலம் போதியளவு பரவியதும் அசைவற்று நிற்கும்.

இத்துறையின் அடிப்படைக் கருவி பல்கலைக்கழக ஆய்வுகூடத்திற் பிறந்ததன்று. ஜேர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில், பெண்களுக்கு உயர்கல்வியின் வாயில் மூடியிருந்த காலத்தில், நோயுற்ற பெற்றோரைப் பராமரித்து வீட்டுவேலை செய்துவந்த அக்னெஸ் பொக்கெல்ஸ், தகரத் தொட்டியொன்றையும் அதன் குறுக்கே நகர்த்தத்தக்க தகரத் துண்டொன்றையும் சிறு தராசையும் கொண்டு நீரின் மேற்பரப்பிழுவிசையை அளந்தார். படலம் ஐதாக இருக்கும்வரை இழுவிசை மாறாதிருந்து, குறித்தவொரு பரப்பளவுக்குள் நெருக்கப்பட்டதும் சடுதியாகக் குறைவதைக் கண்டறிந்தார். அவர் எழுதிய கடிதத்தை றேலி பிரபு 1891இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளிவரச் செய்தார். இத்துறையை விரிவாக்கிய இர்விங் லாங்மியர் 1932இல் நோபெல் பரிசு பெற்றார். பொக்கெல்ஸுக்கு அவ்வாண்டிற் கிடைத்தது கௌரவக் கலாநிதிப் பட்டம். அப்போது அவருக்கு எழுபது வயது. தகரத் துண்டால் நீர்ப்பரப்பை வழித்துத் தூய்மையாக்கும் அவரது முறையே, நாம் பின்னர்க் காணவிருக்கும் வழிந்தோடலின் தத்துவமுமாகும்.

படலம் மூடிபோல் நின்று ஒட்சிசனைத் தடுக்கின்றது என்பது வளர்ப்போரிடையே பரவிய கருத்து. இது பாதி உண்மையே. சில நனோமீற்றர் தடிப்புள்ள படலத்தை ஒட்சிசன் மூலக்கூறு ஊடுருவுதல் அரிதன்று. உண்மையான தடை படலத்தின் கீழே, அசைவு குன்றிய மெல்லிய நீரடையில் உள்ளது. தூய பரப்பில் நீர் ஓயாது புரண்டு, ஒட்சிசன் பெற்ற நீர் கீழிறங்க, பெறாத நீர் மேலெழும். படலமுற்ற பரப்போ இழுபட்ட இடத்தில் இழுவிசை கூடியும் நெருங்கிய இடத்திற் குறைந்தும் விறைத்து நிற்பதால், சிற்றலைகளும் சுழிகளும் அடங்கிவிடுகின்றன. குளத்தை அமைதிப்படுத்திய அதே விசை இங்கே மீனின் மூச்சை முட்டச் செய்கின்றது.

கடனீருக்கு இவ்விடர் மிகுதி. 25 பாகை செல்சியசில் நன்னீர் லீற்றருக்கு ஏறத்தாழ 8.2 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்திருக்க, கடனீர் 6.7 மில்லிகிராம் அளவையே கொள்ளும். இரவில் ஒளித்தொகுப்பு நின்று, பாசியும் பவளமும் பற்றீரியாவும் மீனும் ஒருங்கே சுவாசிப்பதால், விடியுமுன் கையிருப்பு மிகக் குறைகின்றது. காபனீரொட்சைட்டும் வெளியேற வழியின்றித் தேங்குகின்றது. கடலிலும் இத்தகைய படலம் உண்டு. ஆனால் அங்கே அலை உடைந்து, நுரை கரையேறி, அதனைக் கலைத்துவிடுகின்றது. உடையும் அலை கண்ணாடித் தொட்டியில் இல்லை.

ஆகவே அதற்கு ஈடானதொன்றை நாமே அமைக்கவேண்டும். சிறந்த வழி மேற்பரப்பு வழிந்தோடல் ஆகும். தொட்டியின் ஓரத்திலுள்ள விளிம்பைத் தாண்டி நீர் கீழ்த்தொட்டிக்கு வழியுமாறு செய்யின், படலமும் உடன் இழுபட்டுச் செல்லும். விளிம்பு நீண்டு, அதன்மேற் செல்லும் நீர்த்தகடு மெலிதாக இருத்தல் நன்று. பம்பி ஆழத்திலிருந்து மட்டும் நீரை உறிஞ்சும் அமைப்பில், வடிகட்டி எவ்வளவு பெரிதாயினும் படலம் தொடப்படாமலே கிடக்கும். பலர் பணத்தை விரயமாக்குவது இங்கேதான். கீழ்த்தொட்டியின் முதலறையில் நுரைபிரிப்பானை வைத்தல் வேண்டும். உப்பு நீரில் வளிக்குமிழிகள் ஒன்றோடொன்று எளிதில் இணையாது நுண்ணியனவாய் நிற்பதால், அவற்றின் பரப்பில் அதே இருமுக மூலக்கூறுகள் ஒட்டி, நுரையாய் மேலெழுந்து கிண்ணத்திற் சேர்கின்றன. நன்னீரில் இது செவ்வனே நிகழாது.

கீழ்த்தொட்டி அமைக்க வசதியற்றோர், நீரோட்டப் பம்பியின் வாயைச் சற்று மேல்நோக்கித் திருப்பிப் பரப்பை அசைக்கலாம். ஆயினும் இது படலத்தைக் கலைத்து நீருள் அனுப்புமேயன்றி அகற்றாது. அகற்றுவதற்கு, பம்பியை நிறுத்திவிட்டு, சாயமற்ற உறிஞ்சுதாளைப் பரப்பின்மீது தட்டையாக விரித்து, ஒரு முனையைப் பிடித்து மெல்ல இழுத்தெடுத்தல் போதும். சவர்க்காரத் துளி விட்டாற் படலம் விலகும் என்று சொல்வாருளர். விலகும், ஆனால் மீனின் செவுள்களும் கெடும்.

2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை நீண்டது. பம்பி நின்ற தொட்டியிற் படலம் விரைவாக மூடிக்கொள்ளும். அந்நிலையில் முதலில் உணவிடுவதை நிறுத்துக. பின்னர் தாளால் ஒருமுறை படலத்தை எடுத்துவிட்டு, ஒரு கிண்ணத்தால் நீரை மொண்டு ஒரு சாண் உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுக. மின்கலத்தில் இயங்கும் சிறு வளிப்பம்பி இருப்பின், குமிழிகள் பரப்பிற் சென்று உடையுமாறு அதன் குழாயை வைக்கலாம். ஒட்சிசன் பெரும்பாலும் அவை பரப்பைக் குழப்புவதாலேயே நீருட் சேர்கின்றது.