ஆயில் ஒழுகும் பழைய லாரி: முதலில் எங்கே பார்ப்பது?

சென்னை–திருப்பதி நெடுஞ்சாலையில் திருத்தணியைத் தாண்டும் லாரிகளில் பழைய வண்டிகளும் கணிசம். அசோக் லேலண்டும் டாடாவும் செய்த பழைய இன்ஜின்கள் நன்றாகப் பராமரித்தால் பல வருஷம் உழைக்கும். ஆனால் அவை நிற்கும் இடமெல்லாம் தரையில் கறுப்புத் திட்டு. “பழைய வண்டின்னா ஒழுகத்தான் செய்யும்” என்று விட்டுவிடுகிறோம். அப்படி விட வேண்டியதில்லை. வரிசையாகப் பார்த்தால் பல கசிவுகளை இன்ஜினை இறக்காமலே நிறுத்திவிடலாம்.

சொட்டுவது ஓரிடம், கசிவது வேறிடம்

முதலில் சொட்டுவது எது என்று பாருங்கள். கறுப்பாக, நீர்த்து இருந்தால் இன்ஜின் ஆயில். கெட்டியாக, கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில்.

ஓடும் வண்டியில் காற்று ஆயிலைப் பின்னால் தள்ளும். மேலே டாப்பெட் கவரில் கசிந்த ஆயில்கூட பிளாக் வழியாக இறங்கி, பிளைவீல் ஹவுசிங் அடியில்தான் சொட்டும். அதைப் பார்த்து, “பின் ஆயில் சீல் போச்சு” என்று கியர்பாக்ஸை இறக்கிவிடுகிறார்கள். கூலியும் சீலும் செலவானதுதான் மிச்சம். கசிவு அப்படியே இருக்கும்.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு டீசலால் கழுவி, ஏர் அடித்து, சொட்டு டீசல் இல்லாமல் காய விடுங்கள். சந்தேகப்படும் இடங்களில் முகப் பவுடரை லேசாகத் தூவுங்கள். கால் மணி நேரம் ஓட விட்டு நிறுத்தி, டார்ச் அடித்து மேலிருந்து கீழாகப் பாருங்கள். பவுடர் நனைந்த இடங்களில் எது உயரத்தில் இருக்கிறதோ, கசிவு அங்கிருந்துதான் வருகிறது.

காசில்லாத வேலை முதலில்

டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. அடுத்தது பிரீதர். பிஸ்டன் ரிங் வழியே கீழே இறங்கும் புகை இதன் வழியாகத்தான் வெளியேற வேண்டும். வெயிட் அடைத்துக்கொண்ட குக்கர் மாதிரி, பிரீதர் அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, இளகிய சீல் வழியாக ஆயிலை வெளியே தள்ளும். புது பேக்கிங் போட்டாலும் நிற்காது. பிரீதரைக் கழற்றிக் கழுவிய பிறகும் ஆயில் ஊற்றும் வாயில் புகை பலமாக அடித்தால் ரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது சீலை மட்டும் மாற்றிப் பயனில்லை.

பிறகு டாப்பெட் கவர் பேக்கிங், ஆயில் பில்டர், ஆயில் பிரஷர் சுவிட்ச், டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் பைப். டர்போ, சைலன்சர் பக்கம் கசிவு இருந்தால் தள்ளிப் போடாதீர்கள், சூட்டில் தீப்பிடிக்கும்.

சம்ப்பை இறுக்கிக் கெடுக்காதீர்கள்

சம்ப்பில் கசிந்தால் பெரிய ஸ்பேனரால் போல்ட்டை முறுக்குவது வழக்கம். தகட்டு சம்ப்பில் போல்ட் ஓட்டையைச் சுற்றி தகடு குழிந்து, இரண்டு போல்ட்டுக்கு நடுவே இடைவெளி விழும். கசிவு அதிகமாகும். சம்ப்பைக் கழற்றி, விளிம்பைச் சமப் பலகையில் வைத்துத் தட்டி நேராக்குங்கள். பழைய பேக்கிங்கைத் துளி இல்லாமல் சுரண்டுங்கள். புது பேக்கிங் வைத்து, நடுவிலிருந்து இரண்டு ஓரமும் நோக்கி, எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள்.

அனபாண்ட் பேஸ்ட் போடுவதென்றால் மெல்லிய கோடு போதும். அதிகமானது உள்பக்கம் பிதுங்கி உதிர்ந்து ஸ்ட்ரெய்னரை அடைக்கும். ஆயில் பிரஷர் இறங்கி பேரிங் போய்விடும்.

கடைசியில்தான் பின் சீல்

மேலே எல்லாம் காய்ந்திருந்து, பிளைவீல் ஹவுசிங் மட்டும் இன்ஜின் ஆயிலில் நனைந்தால் பின் சீல்தான். கியர்பாக்ஸ் இறங்கியதும் கிராங்க்கில் சீல் உரசும் இடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் சிக்கும் அளவு பள்ளம் இருந்தால் புது சீலும் ஒழுகும். அங்கே ஸ்லீவ் போட வேண்டும். கிளட்ச் பிளேட்டில் ஆயில் ஏறியிருந்தால் அதையும் மாற்றுங்கள். ஜல்லி லோடுடன் மேட்டில் கிளட்ச் வழுக்குவது உயிருக்கே ஆபத்து.

கெட்டி ஆயில் ஊற்றிச் சமாளிப்பது தீர்வல்ல. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது அது மேல்பகுதிக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேரும்.

வடித்த ஆயிலைச் சாக்கடையிலோ ஏரிக்கரையிலோ கொட்டாதீர்கள். 2016-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி அது அபாயகரக் கழிவு. அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் போக வேண்டும். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்குக் காவடியோடு வெறுங்காலில் நடப்பவர்களும், பைக்கில் வருபவர்களும் இதே சாலையில்தான் வருகிறார்கள். அவர்கள் பாதையில் ஆயில் சிந்தாமல் பார்த்துக்கொள்வது வண்டிக்காரரின் பொறுப்பு.

அடுத்த முறை மெக்கானிக் கியர்பாக்ஸை இறக்கச் சொன்னால், “பிரீதர் பார்த்தாச்சா? கழுவிப் பவுடர் போட்டுப் பார்த்தாச்சா?” என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஆமாம் என்று பதில் வந்த பிறகு இறக்கச் சொல்லுங்கள்.