கூலர் அடியில் தேங்கும் தண்ணீர்: காரணங்களும் பரிகாரங்களும்

மளிகைக் கடை என்பது இன்று அரிசி, பருப்போடு நின்றுவிடுவதில்லை. பால், தயிர், தோசை மாவு, குளிர்பானம், ஐஸ்கிரீம் எல்லாம் சேர்ந்துவிட்டன. சிறிய கடையிலும் கண்ணாடிக் கதவு போட்ட கூலர் ஒன்றும் பிரீசர் ஒன்றும் நிற்கின்றன. இவற்றின் அடியில் தண்ணீர் தேங்குவது வணிகர்கள் பலருக்கும் பழகிப்போன தொல்லை. சாக்கைப் போட்டுத் துடைத்துவிட்டு வியாபாரத்தைக் கவனிக்கப் போய்விடுகிறோம். பக்கத்தில் சர்க்கரை மூட்டை இருந்தால் அடிப்பக்கம் நனைந்து கட்டி தட்டிவிடும். பருப்பும் நிலக்கடலையும் பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்த கடலையில் அஃப்ளாடாக்சின் என்னும் நச்சு உண்டாகக்கூடும். அதைப் புடைத்தோ வெயிலில் காயவைத்தோ விற்க முடியாது.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? குழாய் எதுவும் இணைக்காத பெட்டிக்குள் தண்ணீர் வர ஒரே வழி காற்றுதான். வெப்பம் 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் உள்ள நாளில், சுமார் 27 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியும். கதவைத் திறக்கும்போதெல்லாம் ஈரக்காற்று உள்ளே போய், குளிர்ந்த சுருள் குழாயில் படிகிறது. அந்த நீர் ஒரு சிறு துளை வழியாக இறங்கி, கம்ப்ரசர் அருகிலுள்ள தட்டில் விழுந்து, அங்குள்ள சூட்டில் ஆவியாகிவிட வேண்டும். இந்த வழியில் எங்காவது தடை ஏற்பட்டால்தான் தண்ணீர் தரைக்கு வருகிறது.

முதல் காரணம், வடிகால் துளை அடைத்துக்கொள்வது. நனைந்த பாட்டில்களிலிருந்து உரிந்த லேபிள், கசிந்த பால், தூசி இவை சேர்ந்து பாசிபோல் அடைக்கும். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வெதுவெதுப்பான நீரை மெதுவாக ஊற்றி, மெல்லிய பிளாஸ்டிக் குழாயால் நீக்கலாம். கம்பி வேண்டாம். துளையிலிருந்து இறங்கும் குழாயை எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாவது, தட்டு விரிசல் விட்டிருப்பது அல்லது இடம் மாறியிருப்பது. பெட்டியை நகர்த்திக் கூட்டும்போது இப்படி ஆகும். நீண்ட நேரம் மின்சாரம் இல்லாமல் போய், உள்ளே உறைந்த பனி முழுவதும் ஒரேயடியாக உருகினாலும் தட்டு நிரம்பி வழியும். அது பழுதல்ல.

மூன்றாவது, கதவின் ரப்பர். ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். பிடிப்பே இல்லாமல் வந்துவிட்டால் அந்த இடத்தில் ஈரக்காற்று ஓயாமல் நுழைகிறது என்று பொருள். தண்ணீரும் கூடும், கரண்ட் பில்லும் கூடும். அழுக்கிருந்தால் சோப்பு நீரில் துடையுங்கள், வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

நான்காவது, தரைமட்டம். பெட்டி முன்பக்கம் சாய்ந்திருந்தால் நீர் துளைக்குப் போகாமல் கதவு வழியே வழியும். கதவும் தானாக மூடாது. முன்கால்களைச் சிறிது உயர்த்தினால் போதும்.

பிரீசரில் பனி 6 மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் ஏறவிடாமல் அவ்வப்போது உருக்கிவிடுங்கள். சரக்கை முன்கூட்டியே வேறு பிரீசருக்கு மாற்றிவிட வேண்டும். உருகிய ஐஸ்கிரீமைத் திரும்ப உறையவைத்து விற்பது கூடாது. பனியைக் கத்தியாலோ ஸ்குரூ டிரைவராலோ குத்தி எடுப்பது பெருந்தவறு; சுருள் குழாய் ஓட்டையானால் செலவு பெரிது.

மழைக்காலத்தில் கண்ணாடியின் வெளிப்புறம் வியர்ப்பது இயல்பு. இரட்டைக் கண்ணாடிக்கு நடுவே மூட்டம் தெரிந்தால் அதன் ஒட்டு விட்டுப்போயிருக்கிறது.

ஏ.சி. உள்ள கடைகளில் சுவரோரம் நீர் சொட்டினால் முதலில் தூசி வடிகட்டியைக் கழுவுங்கள். வடிகால் குழாய் கீழ்நோக்கிச் சரிந்திருக்கிறதா, அதன் முனை வாளித் தண்ணீரில் மூழ்கியிருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

இங்கே ஒன்றை மனதில் கொள்ள வேண்டும். தரையில் கிடக்கும் தண்ணீர் கேஸ் அல்ல. பெட்டிக்குள் இருக்கும் கேஸ் கசிந்தால் காற்றோடு கலந்துவிடும், நீராகச் சொட்டாது. கேஸ் குறைந்தால் சுருளில் ஒரு பகுதி மட்டும் பனி கட்டி, பின்னர் உருகிச் சொட்டுவது உண்டு. அப்போது குளிரும் குறைந்திருக்கும். ஆகவே குளிர் சரியாக இருக்கும்போது, "தண்ணீர் வருகிறது, கேஸ் போட வேண்டும்" என்று யாராவது சொன்னால் உடனே பணத்தை எடுக்காதீர்கள். வடிகால், தட்டு, ரப்பர், மட்டம் நான்கையும் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். கம்பெனி கொடுத்த கூலராக இருந்தால் முதலில் அவர்களுக்கே தகவல் சொல்லுங்கள். வெளி ஆள் திறந்தால் பிறகு வீண் பேச்சு வரும்.

உயிருக்கும் பாதுகாப்பு வேண்டும். எக்ஸ்டென்ஷன் போர்டைத் தரையில் போடாதீர்கள். மூன்று முனை பிளக்கும் சரியான எர்த்தும் அவசியம். 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் பொருத்தினால் மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டித்துவிடும். ஈரத்தரையில் நின்று பிளக்கைத் தொட வேண்டாம் என்று கடைப் பையன்களுக்கும் சொல்லிவையுங்கள்.

மூட்டைகளைச் சுவரை ஒட்டாமல், மரப்பலகைமேல் அடுக்குங்கள். வாரம் ஒரு நாள் கடை திறந்ததும் கூலரின் பின்பக்கம் ஒருமுறை எட்டிப் பாருங்கள். பத்து நிமிட வேலைதான். ஒரு மூட்டைச் சரக்கு மிஞ்சும்.