பார்வைக் கூலி

இங்கிலாந்தில் குதிரை வைத்திருப்பவர் என்றதும் நம் மனக்கண்ணில் எழுகிற பிரபுவும், அவருடைய விசாலமான மாளிகையும், சேவகர் பலர் நிற்கும் லாயமும் அந்நாட்டுக் குதிரைக்காரர்களில் மிகச் சிலருக்கே பொருந்தும். பள்ளிக்கூட ஆசிரியை, மருத்துவமனைத் தாதி, லாரி ஓட்டுகிறவர் என்று மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவழிக்கும் மத்தியதரக் குடும்பத்தார் பலர், ஊருக்கு வெளியே வாடகைக்குப் பிடித்த புல்வெளியில் ஒரு குதிரையையோ மட்டக்குதிரையையோ விட்டு வைத்து, வேலைக்குப் போகுமுன் இருட்டோடு இருட்டாக ஒரு முறையும், வேலை முடிந்து திரும்புகையில் ஒரு முறையும், தம் கையாலேயே தீனி வைத்துத் தேய்த்துவிட்டு, அந்தச் சிரமத்தையே பெரிய சந்தோஷமாகக் கொண்டு காலம் தள்ளுகிறார்கள். இத்தகையவர் வருஷத்துக்கு ஒரு முறை, குழந்தைகளின் நச்சரிப்புக்கு இணங்கி, ஸ்பெயின் தேசத்துக் கடற்கரையில் இரண்டு வாரம் தங்கிவர ஆசைப்பட்டால், விமானக் கட்டணத்தை விசாரிப்பதற்கு முன்னால் வேறொரு கட்டணத்தை விசாரிக்க வேண்டியிருக்கிறது: நாம் இல்லாத நாட்களில் குதிரையை யார் பார்த்துக்கொள்வார், அவர் என்ன கேட்பார்?

வீட்டில் இருப்பது பூனையானால் பக்கத்து வீட்டுப் பையனிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டுவிடலாம். ஐந்நூறு கிலோ எடையுள்ள குதிரையோ நாளொன்றுக்கு ஏறக்குறைய பத்துக் கிலோ உலர்புல் தின்று, முப்பது நாற்பது லிட்டர் தண்ணீர் குடித்து, பதினைந்து கிலோவுக்குக் குறையாமல் இலத்தி போடுகிற ஜீவன். அதன் உடம்பின் பருமனோடு ஒப்பிட்டால் இரைப்பை மிகச் சிறியது. ஆகாரம் உள்ளே இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதில் அமிலம் இடைவிடாமல் சுரந்துகொண்டே இருக்கிறது. ஆகையால் இரண்டு நாள் தீனியை ஒரேயடியாகக் கொட்டிவிட்டுப் போவது என்பது இங்கே நடவாத காரியம்; கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுதும் அது மென்றுகொண்டிருக்க வேண்டும். தின்றது ஒத்துக்கொள்ளாவிட்டால் வாந்தியெடுத்துத் தப்பிக்கும் வசதியையும் இயற்கை அதற்குக் கொடுக்கவில்லை. நாயும் பூனையும் அரைமணி அவஸ்தையோடு தீர்த்துக்கொள்கிற அஜீரணம், குதிரையிடத்தில் சூலையாக முற்றி, சில மணி நேரத்தில் உயிருக்கே உலை வைத்துவிடக் கூடும்.

அந்நாட்டில் பிறர் குதிரையைக் கூலிக்கு வைத்துப் பராமரிக்கும் லாயங்களுக்கு லிவரி என்று பெயர். புல்வெளியும் கொட்டிலும் மட்டும் கொடுத்துவிட்டு மற்ற வேலையெல்லாம் உன்னுடையது என்று விட்டுவிடும் லாயத்தில், கிராமப்புறமானால் வாரத்துக்கு முப்பது நாற்பது பவுண்டோடு முடிந்துவிடும். தீனி, படுக்கை, துப்புரவு, குளம்புச் சோதனை என்று முழுப் பொறுப்பும் ஏற்கிற இடமானால், லண்டனைச் சூழ்ந்த மாவட்டங்களில் இருநூறு பவுண்டையும் தாண்டிவிடும். முழுப் பொறுப்பு லாயத்தில் குதிரையை விட்டிருப்பவர் விடுமுறைக்குப் போவதும் அலுவலகத்துக்குப் போவதும் ஒன்றுதான். அவருக்குத் தனிச் செலவு இல்லை. திண்டாட்டமெல்லாம் தாமே பார்த்துக்கொள்கிறவர்களுக்குத்தான். அவர்கள் ஓர் ஆளை அமர்த்த வேண்டும்.

கணக்கைச் சற்றே போட்டுப் பார்க்கலாம். காலையும் மாலையுமாக இரு வேளை, வேளைக்கு முக்கால் மணி; ஆக நாளுக்கு ஒன்றரை மணி. 2025 ஏப்ரலில் பிரிட்டிஷ் அரசாங்கம் இருபத்தொரு வயது நிரம்பியவர்களுக்கு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. அந்த விகிதத்திலேயே வைத்துக்கொண்டாலும் பதினான்கு நாளைக்கு 256 பவுண்டு ஆகிறது. வருகிறவர் ஐந்து மைல் தொலைவிலிருந்து காரில் வருவாரானால் நாளுக்கு இருபது மைல். சொந்தக் காரை உத்தியோக நிமித்தம் ஓட்டுகிறவருக்கு வரி இலாகா அனுமதித்துவந்த மைலுக்கு 45 பென்ஸ் என்கிற விகிதப்படி இன்னும் 126 பவுண்டு. இரண்டும் சேர்ந்து 382. சுயமாகத் தொழில் செய்கிறவர் தம் இன்ஷூரன்ஸையும் வரியையும், வேலை கிடைக்காத வாரங்களையும் இந்த வருமானத்திலேயே ஈடுகட்ட வேண்டியிருப்பதால், அவர் கேட்கிற தொகை இதற்கு மேலேதான் இருக்கும். கிறிஸ்துமஸ் வாரமானால் இரட்டிப்பாகக் கேட்பதும் சகஜம். கேட்பதில் அநியாயமும் இல்லை, அவருக்கும் ஒரு குடும்பமும் பண்டிகையும் உண்டே!

இவ்வளவு பணம் எதற்காக என்று மலைக்கிறவர்கள், இலத்தி வாருவதற்கும் வாளி நிரப்புவதற்கும் கொடுக்கிற கூலியாகவே இதை நினைத்துக்கொள்கிறார்கள். அந்த வேலைகளை உடல் வலுவுள்ள எந்த இளைஞனும் செய்துவிடுவான். அனுபவமுள்ள ஒரு பராமரிப்புக்காரி காலையில் வந்ததும் என்ன செய்கிறாள் என்று பார்த்தால் விஷயம் விளங்கும். அவள் உடனே வாரியைக் கையில் எடுப்பதில்லை. கொட்டிலின் அரைக்கதவண்டை ஒரு நிமிஷம் சும்மா நிற்கிறாள். இராத்திரி வைத்த புல்லில் மிச்சம் உண்டா, தண்ணீர் எந்த அளவுக்குக் குறைந்திருக்கிறது, இலத்தி வழக்கம்போல் எட்டுப் பத்து இடங்களில் கிடக்கிறதா அல்லது இரண்டு மூன்றோடு நின்றுவிட்டதா, வைக்கோல் படுக்கை நான்கு பக்கமும் சுவரோரமாக வாரியடித்துக் கிடக்கிறதா என்பதையெல்லாம் அவள் கண் அளந்துவிடுகிறது. படுக்கை அப்படிக் கலைந்திருந்தால், இராத்திரி அந்தக் குதிரை வலி பொறுக்காமல் புரண்டிருக்கிறது என்று பொருள். அதன் பிறகே உள்ளே போய்க் காலைத் தடவி, குளம்பில் சூடு தட்டுகிறதா என்று பார்க்கிறாள். வசந்தகாலத்துச் செழும்புல்லை அளவுக்கு மீறி மேய்ந்த மட்டக்குதிரைகளுக்குக் குளம்புக்குள்ளே அழற்சி கண்டு, நடக்கவே முடியாமல் போய்விடுவது அந்தச் சீமையில் சாதாரணம். என் அபிப்பிராயத்தில், கூலியில் பெரும் பங்கு அந்த ஒரு நிமிஷப் பார்வைக்கே உரியது.

பார்வை தெரியாத கைகளில் குதிரை என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பழைய சாட்சியம் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸ் முதலிய துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளை மன்னர்கள் பெரும் விலை கொடுத்து வாங்கியும், பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமையால் அவற்றில் பெரும்பாலானவை வருஷம் முடிவதற்குள் மடிந்து போனதாகவும், விற்கிற வர்த்தகர்கள் குதிரை வைத்தியர் எவரும் இந்தப் பக்கம் வராதபடி பார்த்துக்கொண்டதாகவும் எழுதிவைத்திருக்கிறார். வெனிஸ்காரரின் வாக்கில் மிகை உண்டு என்று தள்ளிவிட்டாலும், அந்த வர்த்தகர்களின் சாமர்த்தியத்தை நம்பாமலிருக்க முடியவில்லை.

சரி, ஆளை வரவழைப்பதற்குப் பதில் குதிரையையே இரண்டு வாரம் வேறொரு லாயத்தில் கொண்டுபோய் விட்டால் என்ன என்று தோன்றும். பலர் அதைத்தான் முதலில் யோசிக்கிறார்கள். ஆனால் தாடைக்கடியில் கட்டி எழும்பி எளிதில் தொற்றிப் பரவும் ஸ்ட்ராங்கிள்ஸ் என்ற வியாதிக்குப் பயந்து, ஜாக்கிரதையுள்ள லாயங்கள் புதிதாக வருகிற குதிரையை இரண்டு மூன்று வாரம் தனியே ஒதுக்கிவைக்கின்றன. அந்த ஒதுக்கம் முடிவதற்குள் எஜமானரின் விடுமுறையே முடிந்துவிடும். தவிர, மந்தையோடு வாழும் சுபாவமுள்ள பிராணியைத் தோழமை பிரித்து அந்நியமான இடத்தில் அடைத்தால், அந்தக் கலவரமே வயிற்றுக் கோளாறுக்கு வழிவகுக்கும். குதிரை இருந்த இடத்திலேயே இருக்க, மனிதர் வந்து போவதுதான் மேல்.

சட்டத்தின் போக்கு இந்த விஷயத்தில் சற்று விசித்திரமாயிருக்கிறது. இங்கிலாந்தில் நாயையோ பூனையையோ கூலிக்கு வைத்துக்கொள்ளும் விடுதி நடத்த, 2018-ஆம் வருஷத்து விதிகளின்படி உள்ளூர் ஆட்சிமன்றத்தின் லைசென்ஸ் வேண்டும். சவாரிக்குக் குதிரையை வாடகைக்கு விடுவதற்கும் வேண்டும். பிறர் குதிரையைப் பராமரிப்பதற்கு மட்டும் அப்படியொன்றும் அவசியமில்லை. ஆளின் தகுதியை விசாரித்தறிவது முழுக்க முழுக்க உடையவரின் பொறுப்பு. அதே சமயத்தில், குதிரையால் பிறருக்கு நேரும் சேதத்தைப் பொறுத்தவரை 1971-ஆம் வருஷத்துப் பிராணிகள் சட்டம் மிகக் கடுமையானது. 1996-இல் டெவன் மாவட்டத்தில், மிரண்டு வேலியை உடைத்துக்கொண்டு நள்ளிரவில் நெடுஞ்சாலைக்கு ஓடிய குதிரைகளில் ஒன்றின்மேல் கார் மோதிப் படுகாயமடைந்த ஒருவருக்கு, வேலியில் குறையோ கவனக்குறைவோ நிரூபிக்கப்படாதபோதிலும், குதிரைக்குரியவர்கள் ஈடு கொடுக்க வேண்டும் என்று 2003-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. உடையவர் மட்டுமல்லாமல், குதிரையைத் தம் வசத்தில் வைத்திருப்பவரும் அந்தச் சட்டத்தின் கண்ணுக்குப் பொறுப்பாளியாகலாம். ஆகவே, வருகிறவரிடம் கூலி எவ்வளவு என்று கேட்பதோடு, பிறருக்கு நேரும் சேதத்துக்கான இன்ஷூரன்ஸ் பத்திரம் உண்டா என்றும் கூச்சப்படாமல் கேட்டுவிட வேண்டும்.

இதைவிடக் கஷ்டமான பேச்சு ஒன்று இருக்கிறது. அதைத்தான் எல்லோரும் ஒத்திப்போடுகிறார்கள். எஜமானர் ஆகாயத்தில் பறந்துகொண்டிருக்கையில் குதிரைக்குச் சூலை கண்டு, அறுவை செய்தாலொழியப் பிழைக்காது என்று வைத்தியர் சொன்னால், சரியென்று சொல்லும் அதிகாரம் யாருக்கு? அந்த அறுவைக்கு ஐயாயிரம் பவுண்டுக்குக் குறையாது, இரட்டிப்பானாலும் ஆகலாம். வயது முதிர்ந்த குதிரையானால் வேதனையை நீடிக்கவிடாமல் முடித்துவிடுவதே தர்மம் என்று சிலர் கருதுவார்கள். சிலருக்கு அந்தச் சொல்லைக் கேட்கவே பொறாது. எதுவாயினும், எத்தனை பவுண்டு வரை செலவு செய்யலாம், எந்த நிலையில் விட்டுவிடலாம், தொலைபேசியில் நான் அகப்படாவிட்டால் யாரைக் கேட்பது என்பதை ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்திட்டு, வைத்தியரிடம் ஒரு பிரதியும் கொட்டில் கதவில் ஒரு பிரதியும் வைத்துப் போவதற்குக் காலணாச் செலவில்லை. அப்படி எழுதிவைக்காமல் போனால், கூலிக்கு வந்த ஒரு பெண்ணின் தலையில் அந்தத் தீர்மானம் விழுகிறது. அதற்கென்று அவளுக்கு யாரும் கூலி பேசவில்லை.

பணமே கைமாறாத ஏற்பாடும் ஒன்று நெடுங்காலமாக நடந்துவருகிறது: ஆகஸ்டில் உன் குதிரையை நான் பார்த்துக்கொள்கிறேன், ஜனவரியில் என் குதிரையை நீ பார்த்துக்கொள் என்று ஒரே லாயத்தைச் சேர்ந்த இருவர் பேசிக்கொள்வது. கோடையில் குதிரை பகலும் இரவும் மேய்ச்சலில் கிடக்கும். எட்டிப் பார்த்துத் தண்ணீர்த் தொட்டியைச் சோதித்தால் போதும். ஜனவரியில் அது கொட்டிலில் கட்டுண்டு கிடக்கும். தொட்டியின் பனிக்கட்டியை உடைத்து, ஈரப் போர்வையை மாற்றி, விளக்கு வெளிச்சத்தில் இலத்தி வாரவேண்டும். ஆகையால் இந்தப் பண்டமாற்றில் கோடைக்காரர் எப்போதும் கொஞ்சம் கடன்பட்டவராகவே நிற்கிறார்; விவரம் தெரிந்தவர்கள் ஒரு கோடை வாரத்துக்கு மூன்று குளிர்கால நாள் என்கிற மாதிரி முன்கூட்டியே விகிதம் பேசிக்கொள்கிறார்கள். எந்த ஏற்பாடானாலும், திரும்பி வருகிற நாளின் மாலை வேளையையும் மறுநாள் காலை வேளையையும் சேர்த்தே பேசி முடிப்பது நல்லது. விமானம் ஐந்து மணி நேரம் தாமதித்ததென்று குதிரைக்குச் சொல்லி விளங்கவைக்க முடியாது.